பல்லியம் பதிவான கதை

ஹெந்தளையில், ஹமில்டன் வாய்க்காலை அடுத்த எங்கள் ஒழுங்கையில், மாலை வேளையிற் பல ஓசைகள் கலந்து ஒலிப்பது வழக்கம். தேவாலய மணி ஒரு புறம். பேதோவனின் மெட்டொன்றை ஒலிபெருக்கியில் இசைத்தபடி வரும் பாண் வண்டி மறுபுறம். இவற்றுக்கிடையே, யாப்பருங்கலக் காரிகையை உருப்போடும் என் மாணவரின் குரல். சென்ற மாதம் ஒருநாள் இவற்றையெல்லாம் மூடிக்கொண்டு அயல் வீட்டிலிருந்து ஓர் இசை எழுந்தது. ஊதுகருவிகள் பல ஒருங்கே முழங்கின; பின் அவை ஒதுங்கி நிற்க, ஒரே ஒரு கருவி மாத்திரம் தனித்து உருகியது. காரிகை நின்றுவிட்டது. "ஐயா, இது எந்த நாட்டு இசை?" என்று மாணவனொருவன் வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, அவனையும் அழைத்துக்கொண்டு அயல் வீட்டுக்குச் சென்றேன்.

அவ்வீட்டுப் பெரியவர் எண்பதைத் தாண்டியவர். இளமையில் கோவிற்றிருவிழாக்களில் ட்ரம்பெட் ஊதியவர். "மாஸ்டர், இது டியூக் எலிங்டன் ஆக்கள் செய்தது. பேர் 'தூர கிழக்கு'. எங்கட பக்கமெல்லாம் வந்து பார்த்துப்போட்டுத்தான் செய்தவை" என்றார். தூர கிழக்கு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கிழக்கு நமக்குத் தூரமா? நாம் இருப்பதே அங்கேதானே! சொல்லிற் பிழை காண்பது பண்டிதர்களின் பழக்கம். ஆயினும் அன்று கேட்ட இசையும், பின்னர் தேடிப் படித்தறிந்த வரலாறும் சொற்பிழையைக் கடந்து சிந்திக்க வைத்தன. அச்சிந்தனையை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பல்லியம் என்னுஞ் சொல்

ஆங்கிலத்திற் 'பிக் பாண்ட்' என வழங்குவது, ஜாஸ் இசைக்குரிய பெருங் குழு. அதனைப் புதுச்சொல் புனைந்து தமிழ்ப்படுத்த வேண்டிய தேவையில்லை. பல இயம் சேர்ந்தது பல்லியம் எனச் சங்கச் சான்றோர் அன்றே சொல்லி வைத்தனர். நெடும்பல்லியத்தனார் என்றொரு புலவரும், நெடும்பல்லியத்தை என்றொரு பெண்பாற் புலவரும் தொகை நூல்களில் இடம்பெறுகின்றனர். பலவகைக் கருவிகளைச் சுமந்து நாடு கடந்து செல்லும் கூத்தர் கூட்டத்தை மலைபடுகடாம் காட்டுகிறது. கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறையறிந்து இசையிற் சேரும் ஒழுங்கை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் விரிக்கின்றார். ஆதலால் பலர் கூடி இசைத்தல் நமக்குப் புதிதன்று. புதியது, எலிங்டன் அதனைக் கையாண்ட விதம்.

அவருடைய குழுவினர் பதினைவர். ட்ரம்பெட் நால்வர், ட்ரொம்போன் மூவர், சாக்சபோனும் கிளாரினெட்டும் ஏந்தியோர் ஐவர், பியானோவில் எலிங்டன், இவர்களோடு பேஸ் வாத்தியக்காரரும் பறைக்கருவியாளரும். ஏனைய இசையமைப்பாளர், 'முதலாம் சாக்சபோன்', 'இரண்டாம் சாக்சபோன்' எனக் கருவிகளுக்காக எழுதுவர். எலிங்டனோ ஆட்களுக்காக எழுதினார். இன்ன சுரவரிசை ஜொனி ஹொட்ஜஸ் என்பவரின் மூச்சிலேதான் பொலியும். இன்னது ஹரி கார்னியின் ஆழ்ந்த ஒலிக்கே உரியது என்பதை உணர்ந்து, சுரத்தாளிலே கலைஞரின் பெயரையே குறித்துவைத்தார். கார்னி 1927இல் அக்குழுவிற் சேர்ந்து இறுதிவரை பிரியாதிருந்தவர். ஓர் ஆசிரியன் தன் வகுப்பை அறிந்திருப்பது போல எலிங்டன் தம் குழுவை அறிந்திருந்தார்.

தூதும் தூதுவரும்

1963ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் வெளியுறவுத் திணைக்களம் எலிங்டன் குழுவினரைக் கலைத் தூதுவராக ஆசிய நாடுகளுக்கு அனுப்பிற்று. செப்டெம்பர் மாதம் டமஸ்கஸ் நகரிற் பயணம் தொடங்கியது. காபூல், தில்லி, சென்னை, பம்பாய், கல்கத்தா, கொழும்பு, டெஹ்ரான், பக்தாத் எனப் பல நகரங்களைக் குழுவினர் கண்டனர். தில்லியில் எலிங்டன் நோயுற்று மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. நவம்பர் 22ஆம் நாள் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்படவே, துருக்கியின் அங்காரா நகருடன் பயணம் இடையில் முடிவுற்றது.

இத்தூதின் உட்பொருளையும் நாம் நோக்குதல் வேண்டும். வல்லரசுகள் இரண்டு, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் நட்பை நாடிப் போட்டியிட்ட காலம் அது. தன் நாட்டிற் சமத்துவம் தழைக்கின்றது என்பதற்குக் கறுப்பினக் கலைஞர்களையே அமெரிக்கா சான்றாக அனுப்பியது. ஆனால் அதே 1963 ஓகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் முதலானோர், உரிமை கேட்டு வாஷிங்டன் நகரிற் பேரணி நடத்த வேண்டியிருந்தது. செப்டெம்பரில் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காம் நகரில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமியர் உயிரிழந்தனர். தம் வீட்டில் முழு உரிமை பெறாதவர், பிறர் வீட்டுக்கு அவ்வீட்டின் பெருமை சொல்லச் சென்றனர். புலவரைத் தூதனுப்பும் மரபை நாம் அறிவோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் தம் அரசனால் மதிக்கப்பட்டவர். எலிங்டன் குழுவினர் சென்ற தூது அதனினும் கடினமானது.

ஊறிய பின் எழுதியது

மாணவர் சுற்றுலா சென்று திரும்பினால் மறுநாளே கட்டுரை எழுதித் தருமாறு கேட்பது எம் போன்றோர் வழக்கம். அக்கட்டுரைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருக்கும். பேருந்து புறப்பட்டது, உணவு உண்டோம், மாலை திரும்பினோம் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இராது. எலிங்டன் இவ்வாறு அவசரப்படவில்லை. கேட்ட இசையை உடனே பார்த்தெழுத அவர் விரும்பவில்லை. அது உள்ளே சென்று தங்கித் தம் சொந்த மொழியாக மாறி வெளிப்படட்டும் எனக் காத்திருந்தார். சித்தார் ஒன்றை வாங்கி மேடையில் வைத்துவிட்டால் ஆசிய இசை ஆகிவிடும் என்ற எண்ணம் அவரிடம் இல்லை.

1964இன் தொடக்கத்தில் நான்கு பகுதிகளை மாத்திரம் இங்கிலாந்தில் வாசித்துக் காட்டினர். அதன்பின் அவை மேலும் வளர்ந்து ஒன்பது பகுதிகளாயின. 1966 டிசெம்பர் 19, 20, 21ஆம் நாள்களில் நியூயோர்க் நகரில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவு நடந்தது. பயணத்துக்கும் பதிவுக்கும் இடையே கழிந்தவை மூன்று ஆண்டுகள். பதிவுக்கோ மூன்றே நாள்கள். வித்து நெடுநாள் மண்ணுள் இருந்து, முளை ஓரிரவில் வெளிவருவது போன்றது இது. 1967இல் இசைத்தட்டு வெளியாயிற்று. கிராமி விருதும் பெற்றது.

அதனைக் கேட்போர் ஆசியாவின் இராகம் எதனையும் முழு உருவிற் காணார். தில்லியிலே தங்கியிருந்தபோது கேட்ட மைனாவின் சிறு கூவல், ஜிம்மி ஹமில்டனின் கிளாரினெட்டில் மீண்டும் மீண்டும் கொத்திப் பறக்கிறது. 'ஆக்ரா' என்ற பகுதியில் தாஜ்மகாலின் எழிலைக் கார்னியின் சாக்சபோன் மெலிந்த குரலிலன்றிக் கனத்த குரலில் உரைக்கின்றது. பளிங்கின் வெண்மையைப் பாடுவதை விட்டு, அதனடியிற் கிடக்கும் துயரத்தையே அது பாடுகின்றது. 'அமாட்' என்ற பகுதியின் இறுதியில் லோரன்ஸ் பிரவுனின் ட்ரொம்போன் தொழுகைக்கு அழைக்கும் குரலை நினைவூட்டுகிறது. இவை போலச் செய்தல் அல்ல; கேட்டவன் தன் குரலில் மறுமொழி கூறுதல். வழிநூல் செய்வோன் முதல்நூலின் பொருளை ஏற்றுத் தனக்கென ஒரு விகற்பமும் கூறுவான் என நம் இலக்கண நூலார் வகுத்த நெறி இதுவே.

பின்னர் வந்த பெயர்

இவ்விசையை எலிங்டன் தனித்து ஆக்கவில்லை. பில்லி ஸ்ட்ரேஹோர்ன் என்பவர் ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் அவருக்குத் துணையாய் நின்று எழுதியவர். ஆசியப் பயணத்திலும் உடன் சென்றவர். இருவரின் கைகளையும் வேறு பிரித்தறிதல் வல்லுநர்க்கே அரிது. மேடையில் ஒளி விழுந்தது ஒருவர் மீது. மற்றவர் அவ்வொளிக்கு அப்பால் அமர்ந்து எழுதினார்.

அன்று எங்கள் பாடத்தை நிறுத்திய உருக்கமான பகுதிக்கு 'இஸ்ஃபஹான்' என்று பெயர். பாரசீக நாட்டுப் பழம்பெரு நகரின் பெயர் அது. ஜொனி ஹொட்ஜஸ் தம் சாக்சபோனில் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நயம், நாகசுரக்காரர் கமகம் பிடிப்பதை அறிந்த நமக்கு அந்நியமாகத் தோன்றாது. இதில் ஒரு வியப்பு உண்டு. ஸ்ட்ரேஹோர்ன் இதனை இயற்றியது பயணத்துக்கு முன்னரே! அப்பொழுது அதற்கு வேறு பெயர். நகரைக் கண்ட பின் நகரின் பெயரை அதற்குச் சூட்டினர்.

இது பொய்யன்றோ என்று என் மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சங்கப் பாடல்களின் அடியிலே திணையும் துறையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பாடியோர் எழுதவில்லை. பிற்காலத்தோர் வகுத்து வைத்தனர். ஆயினும் அக்குறிப்பின் வழியே பாடலைப் படிக்கும்போது அதன் பொருள் துலங்குகின்றது. சில வேளை மாறியும் போகின்றது. பெயர் பின்னர் வந்ததால் பாடல் பொய்யாவதில்லை. ஆனால் பெயர் பின்னர் வந்தது என்னும் உண்மையை மறைப்பின், அது பொய்யாகும். ஆராய்ச்சியாளர் கையெழுத்துத் தாள்களையும் தேதிகளையும் ஒப்புநோக்கி அவ்வுண்மையை நிலைநாட்டினர்.

பதிவு முடிந்து ஆறு மாதங்கள் நிறையுமுன்னர், 1967 மே 31ஆம் நாள், ஸ்ட்ரேஹோர்ன் புற்றுநோயால் மறைந்தார். வயது ஐம்பத்தொன்று. இதனைப் படித்தபோது விபுலானந்த அடிகளை நினைத்தேன். நெடுங்கால உழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947இல் அரங்கேறிய சில வாரங்களில் அடிகளாரும் மறைந்தார்.

றொக் தாளம் புகுந்தமை

இத்தொகுதியில் 'நீல மிளகு' எனப் பொருள்படும் ஒரு பகுதி உண்டு. அறுபதுகளின் இளைஞர் விரும்பிய றொக் இசையின் நேரான, தட்டையான அடியை ரூஃபஸ் ஜோன்ஸ் பறையில் முழக்குகின்றார். அதன்மேல் பழைய ஜாஸ் குழு தன் புளூஸ் வடிவை ஏற்றுகின்றது. காற் அன்டர்சனின் ட்ரம்பெட் உச்சத் தாயியில் வீறிடுகின்றது. அறுபத்தேழு வயது நிரம்பிய எலிங்டன் இளைஞரின் தாளத்தைக் கண்டு முகஞ் சுளிக்கவில்லை. தம் வீட்டுக்குள் அதற்கும் ஓர் இருக்கை இட்டார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் டொன் எல்லிஸ். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே, ரவி சங்கரின் மாணவராகிய ஹரிஹர ராவ் என்பாரிடம் அவர் இந்திய தாள முறையைப் பயின்றார். 1966இல் மொன்டரே இசை விழாவில் அவருடைய குழு வாசித்த ஓர் உருப்படிக்குப் பெயரே எண்கள்தாம்: 33 222 1 222. கூட்டினால் பத்தொன்பது. கேட்டவர் திகைத்தனர். நாமோ திகைக்க வேண்டியதில்லை. ஈரசைச் சீரும் மூவசைச் சீரும் அடுக்கி அடி அமைத்து, வெண்பாவின் ஈற்றிலே ஓரசைக்கும் இடங் கொடுத்தவர் நம் முன்னோர். மூன்றையும் இரண்டையும் கோத்துச் செல்லும் வழியில் ஒன்று மாத்திரம் தனித்து நின்று மூச்சு விடுவதன் அழகு, காரிகை கற்றவனுக்கு விளங்கும். 1967இல் எல்லிஸ் 'மின் நீராடல்' எனப் பொருள்படும் இசைத்தட்டை வெளியிட்டார். மின் கருவிகளும், றொக் இசையின் வேகமும், ஐந்தும் ஏழும் பதினேழுமான தாளங்களும் இருபதுக்கு மேற்பட்ட கலைஞரைக் கொண்ட பல்லியத்தில் ஒன்றாயின. ஜாஸ்-றொக் என்று பின்னர் பெயர் பெற்ற நெறிக்குப் பெருங் குழுவின் வாயிலைத் திறந்தவற்றுள் அதுவும் ஒன்று.

அதற்கு முன்னரே, 1958இல், டேவ் புரூபெக் குழுவினர் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தனர். சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தனர். ஆகவே மேலை இசையிற் பிறந்த புதிய தாளங்களில் நம்மவர் விரலோசையும் ஒரு பங்கு உண்டு எனல் மிகையாகாது.

விடுபட்ட கொழும்பு

இனி, அயல் வீட்டுப் பெரியவரிடம் என் மாணவன் கேட்ட மற்றொரு கேள்விக்கு வருவேன். "கொழும்புக்கும் வந்தவை என்றீங்கள். ஒன்பது பகுதியில கொழும்பு எங்கே, ஐயா?"

பெரியவர் இசைத்தட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தில்லி இருந்தது, ஆக்ரா இருந்தது, லெபனானின் ஹரிசா மலை இருந்தது, அந்தப் பயணத்திற் செல்லாது 1964இற் சென்ற ஜப்பான் கூட இருந்தது. கொழும்பின் பெயர் இல்லை. சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "தம்பி, எங்களைப் பற்றி அவை எழுதேல்லை எண்டு கோபிக்கேலாது. நாங்களே எழுதி வைக்கேல்லையே" என்றார்.

அச்சொல் என்னை உறுத்தியது. ஏனெனின், அவ்விசைத்தட்டு தப்பிய வரலாற்றையும் அன்றே அவர் சொன்னார். அவரிடம் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தனவாம். நாகசுரம், திரையிசை, ஜாஸ் என எல்லாம். 1983 ஜூலையில் வீட்டுடன் அவையும் எரிந்தன. இந்த ஒன்றை மாத்திரம் அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, தம்முடன் ஊதிய சிங்கள நண்பர் ஒருவர் இரவல் கேட்டு எடுத்துச் சென்றிருந்தார். கலவரம் ஓய்ந்தபின் அவர் அதனைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாராம். இரவல் போனது எஞ்சியது. பூட்டி வைத்தது சாம்பலாயிற்று.

அதே ஜூலையில் இதே ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவும் எரியூட்டப்பட்டது. தமிழரான கே. குணரத்தினம் என்பாருடைய கலையகம் அது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கி 1960இல் வெளிவந்த 'சந்தேசய' முதலிய சிங்களப் படங்களைத் தயாரித்தவர் அவர். படச்சுருள்கள் பல அத்தீயில் அழிந்தன. சிங்களக் கலைக்கும் தமிழன் கட்டிய வீடு அது; எரித்தவர் தம் செல்வத்தையும் சேர்த்தே எரித்தனர். குணரத்தினமும் 1989இல் வன்முறைக்குப் பலியானார்.

எரிந்தது போக எஞ்சியதையாவது நாம் பேணுகின்றோமா? எலிங்டன் பதிவின் நாள் தெரியும், நகர் தெரியும், எப்பகுதியில் எவர் ஊதினார் என்பதும் தெரியும். முன்னரே எழுதிய பாட்டுக்குப் பின்னர் பெயரிட்டமைகூடத் தெரியும். நம் நாட்டில் எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலானோர் பாடிய தமிழ்ப் பொப் பாடல்களை இன்றும் திருமண வீடுகளிற் பாடி ஆடுகின்றோம். அப்பாட்டுகளுக்குப் பின்னே நின்று கிட்டார் மீட்டியவர் யார், முழவு கொட்டியவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் விடை பகர்வர்? வானொலி நாடகங்களின் இடையே குழல் ஊதியவர், திருவிழாக்களில் மூன்று தலைமுறையாகத் தவில் வாசித்த குடும்பத்தார், தேவாலயக் குழுவில் ட்ரம்பெட் ஊதிய எங்கள் பெரியவர் ஆகிய இவர்களுடைய பெயர் எந்தத் தாளில் உள்ளது? பழந்தமிழரின் யாழ் நம்மைவிட்டு நீங்கியதும் இவ்வாறுதான். நூலிற் பெயர் இருந்தது. மீட்டிய முறை இல்லை. அதனை மீட்டுத் தருவதற்கு விபுலானந்தர் தம் வாழ்நாளிற் பல ஆண்டுகளைச் செலவிட நேர்ந்தது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு விபுலானந்தர் கிடைப்பார் என எதிர்பார்த்தல் அறிவுடைமையாகாது.

எனவே அடுத்த வாரம் என் வகுப்பில் சுற்றுலாக் கட்டுரை எழுதப் பணிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் அயலில் இசையறிந்த முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் யாருடன், எங்கே, எந்த ஆண்டில், எக்கருவியை இசைத்தார் என்பதைக் கேட்டு, திகதியுடன் எழுதி வருமாறு சொன்னேன். ஒரே நாளில் முடிக்க வேண்டாம்; இரண்டு முறை, மூன்று முறை சென்று கேளுங்கள்; ஐயமானதை ஐயமென்றே குறியுங்கள் என்றுஞ் சொன்னேன். இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களும் இதனைச் செய்து பார்க்கலாம். செலவு ஓர் அப்பியாசக் கொப்பி மாத்திரமே.

முதலாவது கொப்பி வந்துவிட்டது. அன்று கேள்வி கேட்ட மாணவனே கொண்டுவந்தான். அயல் வீட்டுப் பெரியவரின் குழுவில் ஊதியவர் ஒன்பது பேர். ஐவர் தமிழர், மூவர் சிங்களவர், ஒருவர் பறங்கியர். ஒன்பது பெயரும் எழுதப்பட்டிருந்தன. இசைத்தட்டை இரவல் வாங்கித் திருப்பித் தந்தவரின் பெயர் அவற்றுள் இரண்டாவதாக இருந்தது. கொப்பியைப் பெரியவரிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். பின், "ஆறாவது பேரில ஒரு எழுத்துப் பிழை இருக்குது, தம்பி, திருத்திவிடு" என்றார்.

திருத்திவிட்டோம்.